தொலைக்கத்தான் சுத்தறேன்

தொழுகை விரிப்பை மடித்து மாடத்தில் வைத்த கை, அதே வேகத்தில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறது. மெஹருன்னிசா தாழ்வாரத்தில் காலை எடுத்து வைத்துவிட்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிந்திய இந்த அரைமணி நேரத்தில் வாசலுக்கு யார் வந்தாலும் காத்து நிற்க வேண்டியதுதான். அவசரமாகப் பேசவேண்டும் என்றால் கூடவே நடந்துகொண்டு பேசலாம். முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம், ஒரு சுற்றுக்கு நாற்பத்துநான்கு எட்டு. சமையலறை வாசலில் இரண்டு தகர டப்பாக்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நடையை நிறுத்தாமலே குனிந்து, ஒரு புளியங்கொட்டையை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடுவார். எழுபது கொட்டைகளும் இடம் மாறியபின்தான் மூச்சு வாங்க உட்காருவார்.

1978 ஜூனில் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழாசிரியையாக வந்து அவர் வீட்டு மாடியறையில் குடியேறினேன். முதல் நாள் மாலை படியிறங்கி வந்தபோது, பருத்த உடம்புடைய ஒரு பெண்மணி தரையைப் பார்த்தபடி தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. கம்மல் திருகு எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து நானும் மண்டியிட்டு, தூண் ஓரமெல்லாம் கையால் துழாவ ஆரம்பித்தேன். மூன்று முறை என்னைத் தாண்டிப் போனார். நான்காவது முறை நடையை மட்டும் தளர்த்தினார்.

"இன்னா தேடறீங்க டீச்சர்?"

"தெரியலைங்க. நீங்க எதைத் தொலைச்சீங்க?"

"நான் ஒண்ணும் தொலைக்கல. தொலைக்கத்தான் சுத்தறேன்" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு நடந்தார்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அடுத்த அதிர்ச்சி. மெஹருன்னிசா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். கிணற்றடியில் தனியாக ஒரு சின்ன ஸ்டவ் எரிய, துணி மாட்டும் கிளிப்பால் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த நீலத் தண்ணீர் என் கண்ணெதிரே பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் அசல் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. "ரொம்ப நல்ல கலருங்க. எந்தப் பலகாரத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டவ்வை அணைத்துவிட்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "டீச்சர், இது என் மூத்திரம்."

நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சுவது பொன்னேரி டாக்டர் சொல்லிக் கொடுத்த சோதனையாம். நீலமாகவே நின்றால் உடம்பில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் கெட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்துமூன்று. வாரத்துக்கு இரண்டு மூட்டை சர்க்கரையைப் பாகாக்குகிற வீட்டில், அந்தப் பெண்மணி ஒரு சிட்டிகையைக்கூட வாயில் போடுவதில்லை. பாகைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு இழுத்து, கம்பியின் நீளத்தைப் பார்ப்பார். "பதம் வெரலுக்குத் தெரியும். நாக்கு எதுக்கு?" என்பார்.

அவரை நடக்க வைத்தது டாக்டர் இல்லை. டாக்டர் இரண்டு வருடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாராம். நடக்க வைத்தது அவருடைய அக்கா சுராயாவின் கால். ஒரு மழைநாளில் அதிரச மாவைத் தட்டிக்கொண்டே, குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் எனக்கு அதைச் சொன்னார்.

"எங்க அக்கா காலும் எங்காலும் ஒரே அச்சு டீச்சர். சின்னப்புள்ளைல ஒரு ஜோடி செருப்ப மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். ரெண்டுபேருக்கும் சக்கர வந்ததுகூட ஒரே வருசம். ஏரிக்கரைல சிப்பி அவ காலக் கிழிச்சிருக்குது. அவளுக்குத் தெரியவே இல்ல. எட்டுநாள் கழிச்சு வூட்டுல இன்னாடா இது நாத்தம்னு தேடறாங்க. எலி செத்துக் கெடக்குதுன்னு பரண் மேல ஏறி சாமானெல்லாம் எறக்கியிருக்காங்க. எலி இல்ல டீச்சர். அவ காலு."

மாவு தட்டும் கை நிற்கவில்லை.

மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மனித உடம்பின் எந்தப் பகுதியானாலும் மண்ணில் கபர் தோண்டி அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

"கைக்கொழந்தையத் துணில சுத்தினா எவ்ளோ இருக்கும், அவ்ளோ இருந்துச்சு. ஆம்பளைங்க தூக்கிக்கினு போனாங்க. நான் கதவாண்ட நின்னு பாக்கறேன். ஒரே அச்சு இல்லியா? எங்காலத்தான் கொண்டுபோறாங்கன்னு தோணிச்சு. குனிஞ்சு தொட்டுப் பாத்துக்கினேன், இருக்குதான்னு. பதினோரு வாரம் கழிச்சு ஆளும் போய்ட்டா. எங்க அக்காவுக்கு ரெண்டு கபர் இருக்குது டீச்சர்."

அன்று இரவு மாடியறையில் உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதிலிருந்து வகுப்பறைக்குப் போகவும் வரவும் மட்டும் பயன்பட்ட கால்கள்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாளே மெஹருன்னிசா ஒரு மணிநேரம் நடந்தாராம். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு பதினைந்து நாள் நடக்கவில்லை. பயம் மட்டும் போதாது என்று அந்தப் பதினைந்து நாளில் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். "பயம் ஒரு வாரந்தான் தாங்குது. அப்பறம் மறந்துடுது." பதினாறாம் நாள் அஸர் தொழுதுவிட்டு எழுந்தவர், ஒரே ஒரு சுற்று நடந்து உட்கார்ந்துகொண்டார். "ஒரு சுத்து. அதுக்கு மேல வேணாம்னு நானே என்னை நிறுத்தினேன். ஒரு சுத்துக்கு எந்த ஒடம்பும் சோம்பப்படாது." மறுநாளும் ஒன்று. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு. வெள்ளிக்கு ஒரு கொட்டை வீதம் டப்பாவில் சேர்த்து, எழுபதுக்கு வந்து சேர ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆனது. நான் குடிவந்தபோது நாற்பத்திரண்டாவது கொட்டையில் இருந்தார்.

கணவர் அபூபக்கர் வலைச்சாமான் கடை வைத்திருந்தார். நைலான் நூல், மிதவை, ஈயக்குண்டு. நல்ல மனிதர், ஆனால் கேலிக்காரர். "எம் பொஞ்சாதி தெனம் வூட்டுக்குள்ளயே மீஞ்சூர் வரைக்கும் போய்ட்டு வரா. பஸ் சார்ஜ் மிச்சம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இதைவிடப் பெரிய கேலி பின்வாசலில் இருந்தது. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, கையாலேயே துழாவி இறால் பிடிக்கிற ராஜாத்தி, ஓலைப்பறியில் நண்டும் இறாலுமாக அந்த நேரத்துக்குத்தான் வருவாள். விடிகாலையிலிருந்து சேற்றில் கிடந்த உடம்பு, கைவிரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். முதல் தடவை இந்த நடையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க தாயி போற?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கறேன்."

"நடக்கறதுக்குனே நடக்கறியா?" ராஜாத்தி பறியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் டீச்சரம்மா, இவங்களுக்கு இன்னா ஆச்சு?"

மெஹருன்னிசா கோபப்படவில்லை. "நீ வேலைல நடக்கற. எனக்கு வேலை குந்திக்கினு. அதான் அந்தக் கடன அடைக்க நடக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே தூணுக்குப் பின்னால் மறைந்தார்.

நான் வந்த இரண்டாம் வருடம் ரம்ஜான் பெருநாள். வீட்டில் முப்பதுபேர். பிரியாணியின் ஆவி மாடிப்படி வரை ஏறியிருந்தது. நான்கரை மணிவாக்கில் வீட்டுக்காரம்மாளைக் காணவில்லை. அபூபக்கரின் உறவுக்காரப் பெண்கள் அறை அறையாகத் தேடினார்கள். கடைசியில் நான்தான் பார்த்தேன். கோழிக்கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த பன்னிரண்டு எட்டு சந்தில், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தார். தேடி வந்த ஒரு நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"வந்தவங்கள உட்டுட்டு, பெருநாளும் அதுவுமா கோழிகூட இன்னா நட மதினி?"

"மூணு சுத்து அளவுக்குத்தான். அதுக்குள்ள யாரும் பசியில செத்துடமாட்டாங்க."

பெருநாள் என்றால் மூன்று சுற்று. கல்யாணம் என்றால் பத்து. காய்ச்சல் என்றால் கட்டிலைச் சுற்றி ஒன்று. புயல் மழையில் முற்றத்துத் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஏறிய நவம்பரில், சமையலறைக்குள் அம்மிக்கும் கதவுக்கும் நடுவே நடந்தார். நோன்பு மாதத்தில் நேரமே மாறிவிடும். நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை, ஆனால் மாத்திரை நேரத்தை அவரிடமே கேட்டு மாற்றிக்கொண்டார். பொழுது சாய்ந்து கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுது, சற்று ஆறிய பிறகு நடை. சுற்று குறையும், முழுதாக நின்ற நாள் கிடையாது. அந்தப் பெருநாள் பிரியாணியையும் அவர் ஒதுக்கவில்லை. ஒரு தட்டு, ருசித்துச் சாப்பிட்டார். மறுதட்டுக்குக் கை நீட்டவில்லை.

"பெருநாள் ஒருநாள்தான் டீச்சர். அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. பெருநாளு வரப்போவுதுன்னு முன்னாடி ஒரு பத்துநாளு, இப்பதான போச்சுன்னு பின்னாடி ஒரு பத்துநாளு. அந்த இருவதுதான் ஆளக் கவுக்குது."

கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம் வந்து மாதங்களாகியிருந்தன. பெரும்பாலும் பச்சை. சில வாரம் நீலம் அப்படியே நிற்கும். அன்றைக்கெல்லாம் குழாயைத் தூக்கிப்பிடித்து எனக்குக் காட்டுவார்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. இந்த மனுஷி தப்பித்துவிட்டார் என்றே நான் முடிவுகட்டியிருந்தேன்.

1983 ஜூலையில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவருடைய ஒரே மகள் ஜைனம்புவுக்கு நிக்காஹ். இன்னும் நான்கு நாள். வாசலில் பந்தல் வேலை நடந்தது. வீடெல்லாம் கீற்றும் சணலும் ஆணியும். பெண்கள் உள்ளறையில் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தார்கள். மெஹருன்னிசா விடிந்ததிலிருந்து நின்றது நின்றபடி வேலை செய்துவிட்டு, அஸர் தொழுதுவிட்டு, வழக்கம்போல முந்தானையைச் செருகிக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினேன். தாழ்வாரத்துச் சுண்ணாம்புத் தரையில் வரிசையாகச் செக்கச்செவேலென்று அடையாளங்கள். யாரோ மருதாணியை மிதித்துவிட்டு நடந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அழகாகக்கூட இருந்தது. அதே சமயம் பின்வாசல் வழியே ராஜாத்தி பறியோடு நுழைந்தாள். அவளும் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நிறமே இல்லை.

"டீச்சரம்மா, மருதாணி இல்ல இது. ரத்தம்."

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஒரு கால் தடம் மட்டும்தான் இருந்தது. வலது கால். முற்றத்தைச் சுற்றி, தூணுக்குத் தூண், ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்ததன் மேல் ஈரமாக. எதிர்த் தூணுக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசா வந்தார். எப்போதும்போல நிதானமான நடை. எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ராஜாத்தி, கல்யாணத்துக்குப் பெரிய நண்டாப் பாத்துக் கொண்டா" என்றார். அவர் காலை எடுத்த இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு.

நான் கத்தினேன் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ராஜாத்திதான் ஓடி அவரை அப்படியே தோளோடு அணைத்துத் தரையில் உட்கார வைத்தாள். வலது பாதத்தைத் திருப்பினோம். கட்டைவிரலுக்குக் கீழே, சதைக்குள், ஒரு பந்தல் ஆணியின் தலை. காசு பதித்ததுபோல மட்டமாகப் பதிந்திருந்தது. முழு ஆணியும் உள்ளே இருந்தது.

"எப்பங்க குத்திச்சு?"

மெஹருன்னிசா தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு தரையைச் சுற்றிலும் பார்த்தார். இருபது சுற்றாவது நடந்திருப்பார்.

"வலிக்கலியே டீச்சர்" என்றார்.

சற்றுக் கழித்து இன்னொரு முறை. "வலிக்கலியே." ராஜாத்தி ஆணியின் தலையை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நடுங்க ஆரம்பித்தார். பற்கள் அடித்துக்கொண்டன. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அக்காவும் இதத்தான் சொன்னா. வலிக்கவே இல்லன்னுதான் சொன்னா."

கடையிலிருந்து ஓடிவந்த அபூபக்கர், தரையைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே கார் பிடித்துப் பொன்னேரிக்குப் போனோம். ஆணியை எடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டிய டாக்டர் அவரிடம் இரண்டு விஷயம் சொன்னார். இந்த ஐந்து வருடம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்ததால் இந்தப் புண் ஆறுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஆறுகிறவரை இந்தக் காலைத் தரையில் ஊன்றினால், அப்புறம் தன்னைக் கேட்கக்கூடாது.

"எத்தினி நாளு?"

"ஆறு வாரம், ஏழு வாரம்."

"நாலு நாள்ல பொண்ணுக்கு நிக்காஹ் டாக்டர்."

"பொண்ணுக்குத்தானே நிக்காஹ்? காலுக்கு இல்லியே" என்றார் டாக்டர்.

வீட்டில் ஒரு பெரும் ஆலோசனை நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியக்கூடாது, தாய்க்குச் சர்க்கரையால் கால் அழுகுகிறது என்று கேள்விப்பட்டால் பெண்ணையும் சந்தேகப்படுவார்கள் என்றார்கள் உறவினர்கள். அன்று ஒருநாள் மட்டும் கட்டை மறைத்துக்கொண்டு நின்று சமாளிக்கட்டும் என்றாள் நாத்தனார். ஜைனம்பு அழுதாள். "நீ நின்னா நான் நிக்காஹே பண்ணிக்கமாட்டேன்மா" என்றாள்.

மெஹருன்னிசா நிற்கவில்லை. மறைக்கவும் இல்லை. நிக்காஹ் அன்று பெண்கள் கூடிய நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிரே ஒரு முக்காலியின் மேல், வெள்ளைக்கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயார் நுழைந்ததும் முதலில் பார்த்தது தன்னை நோக்கி நீண்டிருந்த அந்தக் காலைத்தான். சம்பந்தி வரும்போது எழுந்திருக்காததே பெரிய தப்பு. காலை நீட்டிக்கொண்டு வரவேற்பதை அங்கே யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. மரியாத இல்லாம இல்ல" என்றார் மெஹருன்னிசா, கூடம் முழுதும் கேட்கும்படி. "இந்தக் கால நான் கீழ வெச்சேன்னா, எங்க அக்கா கால் போன எடத்துக்கு இதுவும் போயிடும். பேரப்புள்ளையத் தூக்கிக்கினு நடக்கணும்னு எனக்கு ஆச. அதான்."

அந்த அம்மாள் முன்னால் வந்து, யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அந்த முக்காலிக்குப் பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்தார். "எங்க வூட்லயும் ரெண்டுபேருக்கு இருக்குது" என்று மெதுவாகச் சொன்னார். "சொல்லிக்கறதில்ல."

அடுத்த ஏழு வாரம் அவருக்குத் தாழ்வாரத்துப் பெஞ்சில் கழிந்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய பலகாரம் இரண்டு அண்டா உள்ளே இருந்தது. மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நடையும் இல்லை. இனி விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் விட்டிருப்பேன். மகள் போன மறுநாள், அஸருக்குப் பிறகு அவர் குரல் மாடிக்குக் கேட்டது. "டீச்சர், அந்தச் செம்பு ரெண்டுலயும் தண்ணி ரொப்பிக் கொடுங்க." பெஞ்சில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையிலும் இரண்டு பித்தளைச் செம்பைப் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்கினார். இறக்கினார். தூக்கினார். தண்ணீர் அலம்பி மடியெல்லாம் நனைந்தது. முகம் சுளித்தார். பத்து முறைக்கு மேல் முடியவில்லை.

"ஏங்க, இந்த நிலைமையிலயுமா?"

"காலுக்குத்தான் டீச்சர் லீவு. நேரத்துக்கு லீவு உட்டா அது திரும்பி வராது."

ஏழு வாரமும் அதே நேரம், அதே செம்பு. கடைசி வாரத்தில் ஐம்பது முறை தூக்கினார். ராஜாத்தி பின்வாசலில் உட்கார்ந்து எண்ணுவாள். கேலி நின்றுபோயிருந்தது. ஒருநாள் தன் பாதத்தைத் திருப்பி, சிப்பி கிழித்த தழும்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்தி, "எல்லாமே வலிக்குது தாயி" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

எட்டாவது வாரம் பக்ரீத். ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெறுங்காலோடு மட்டும் கூடாது. வீட்டுக்குள் செருப்பு என்பது அந்தத் தெருவில் நினைத்துப் பார்க்க முடியாத சங்கதி. "தொழுவற வூட்டுல செருப்பா?" என்று அபூபக்கரே ஒருநாள் முழுக்க முணுமுணுத்தார். மறுநாள் மெட்ராஸுக்குச் சரக்கெடுக்கப் போனவர், கனமான அடிப்பாகம் வைத்த ஒரு ஜோடியோடு வந்தார். கிணற்றடியில் உட்கார்ந்து அந்தப் புதுச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினார். "இது வாசப்படியத் தாண்டாத செருப்பு. யாரும் எதுவும் சொல்லப்படாது" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

விருந்தாளிகள் முன்னால், அந்தச் செருப்போடு மெஹருன்னிசா ஒரு சுற்று நடந்தார். ஒன்றே ஒன்று. நாற்பத்துநான்கு எட்டு. எழுபதிலிருந்து ஒன்றுக்கு வந்தவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு.

எனக்கு 1985இல் பொன்னேரிக்கு மாற்றல் வந்தது. பிறகு பழவேற்காட்டுப் பக்கம் போக வாய்க்கவில்லை. போன மாதம் போனேன். போகக் காரணம் இருந்தது. ஓயாத களைப்பும் தாகமுமாக இருந்து, ரத்தம் சோதித்துப் பார்த்ததில், எனக்கும் சர்க்கரை என்று வந்துவிட்டது. எத்தனை வருடமாக இருக்கிறதோ தெரியாது என்றார்கள். எனக்கு வயது நாற்பத்தொன்று. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெருவில் நுழைகிறவரை அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

மெஹருன்னிசாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. முடி நரைத்திருக்கிறது, உடம்பு இறுகியிருக்கிறது. இடுப்பில் இரண்டு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். கூடவே நடந்தபடிதான் சொன்னேன். மாத்திரைச் சீட்டை நீட்டினேன். என்ன சாப்பிடலாம், எத்தனை சுற்று நடக்கலாம் என்று கேட்டேன். அவர் நடுச்சுற்றில் நின்றுவிட்டார். அதற்குமுன் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

பேரனை இறக்கிவிட்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். தரையில் அமர்ந்து என் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னைவிட மூத்தவர் என் காலைத் தொடுவதா என்று பதறி இழுத்தேன். விடவில்லை. பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"கண்ண மூடிக்கோங்க டீச்சர். தொடுவேன். எந்த வெரலுன்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். பேரன் எங்கோ டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். கிணற்றில் வாளி இறங்கியது. நான் அவர் தொடுவதற்காகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"தொடுங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். என் சுண்டுவிரலை, தன் நகம் வெளுக்கும் அளவுக்கு, அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.